பொலியும் பொலிகிடாயும்

கல்வெட்டுப் பயில்வார்க்குப் பொலிசை என்னும் சொல் புதிதன்று. கோயிற் பண்டாரத்திலிருந்தோ அறம் செய்வார் ஒருவர் கையிலிருந்தோ ஊர்ச் சபையார் பொன்னும் காசும் பெற்றுக்கொண்டு, அதன்பொருட்டு ஆண்டுதோறும் அளந்து தரும் நெல்லைச் சோழர் காலச் சாசனங்கள் பொலிசை என்று வழங்கும். முதல் குறையாது நிற்ப, அதன் வளர்ச்சி மட்டும் அறத்துக்கு ஆகுமாறு வைப்பது பொலியூட்டு. களத்திலே தூற்றிக் குவித்த நெல்லுக்கும் பொலி என்பதே பெயர். ஆயர் வாயிலோ இவ்வேர்ச்சொல் மற்றொரு பொருள்மேல் நிற்கிறது. காளை பசுவைச் சேர்தலும் கிடாய் பெட்டையைச் சேர்தலும் பொலிதல் எனப்படும். இனப்பெருக்கத்துக்கென நிறுத்தப்பெற்ற ஆண் விலங்கு பொலிகாளை என்றும் பொலிகிடாய் என்றும் பெயர் பெறும். வட்டியையும் பொலிகிடாயையும் ஒரு வேரிலே வைத்த மொழி நம் மொழி. இவ்விரண்டையும் ஒருங்கு நோக்குங்கால் எழும் ஒரு வினாவை விளக்குவதே ஈண்டு நாம் மேற்கொண்ட பணி.

இத்தகைய சொல்லுறவு தமிழுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க மொழியில் டோகோஸ் என்பது ஈன்ற குட்டியையும் குறிக்கும், வட்டியையும் குறிக்கும். அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலின் முதற் பகுதியில் வட்டியைப் பழிக்கும்போது, பணம் பணத்தை ஈனுதல் என்னும் இச்சொல்லின் இருபொருளையே சான்றாகக் காட்டினார். அவருக்கு மிக முற்பட்ட சுமேரியர் மொழியிலும் மாஷ் என்னும் சொல் வெள்ளாட்டுக் குட்டிக்கும் வட்டிக்கும் பொதுவாக நின்றது. செல்வத்தை மாடு என்று வழங்கிய நம் முன்னோர்க்கு இவற்றுள் எதுவும் வியப்பாக இருந்திராது.

எனினும், கால்நடைச் செல்வத்திலே முதல் எது, பொலி எது என்று பிரித்தறிவது தோன்றுமளவுக்கு எளிதன்று. பெட்டையாடு ஒன்றைப் பிறரிடம் வளர்க்க விட்டால், ஆடு முதல், குட்டி பொலி. இதில் ஐயமில்லை. ஆயின் ஒருவன் தன் கிடாயை ஒரு பருவத்துக்கு மட்டும் பிறன் மந்தையிலே விட்டு, பருவம் முடிந்ததும் மீட்டுக்கொண்டு, அதற்குக் கூலி பெறுகிறான் என்று கொள்வோம். கிடாய் போனபடியே திரும்பி வந்தது. அதனிடத்து எதுவும் குறையவில்லை. குட்டிகளெல்லாம் வாடகைக்குப் பெற்றவன் பட்டியிலே நிற்கின்றன. அவ்வாறாயின் பணம் எதற்குத் தரப்பட்டது? முதலுக்கு உரியவன் எந்தப் பொலியை விட்டுக்கொடுத்தான்? எதைத் தன்பால் நிறுத்திக்கொண்டான்? அக்கிடாய் இன்னும் ஒரு குட்டியையும் ஈன்று காட்டாத இளங்கிடாயாயின் வினா மேலும் இறுகுகிறது. ஏனெனில் அப்போது விடுவோன், பெறுவோன் ஆகிய இருவரில் ஒருவரும் அறியாத ஒன்றுக்கே விலை பேசப்படுகிறது.

இவ்வினா பேரளவிலே எழுந்த இடம் பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்து. லெஸ்டர்ஷயர் நாட்டுப்புறத்தில் லஃப்பரோ என்னும் ஊருக்கு அருகே டிஷ்லி என்னும் பண்ணை உள்ளது. இராபர்ட் பேக்வெல் (1725–1795) என்பார் அதன் குத்தகையாளர். நிலத்துக்கு உரிமையாளர் அல்லர் என்பதைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஏறத்தாழ 440 ஏக்கர் கொண்ட அப்பண்ணையின் பொறுப்பு, தந்தை இறந்தபின் 1760இல் அவர் கைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே அவர் தம் கிடாய்களைப் பருவ வாடகைக்கு விடத் தொடங்கினார். முதலிற் கிடைத்த வாடகை, கிடாய் ஒன்றுக்கு 16 சில்லிங்கும் 17½ சில்லிங்கும். ஒரு கினி என்பது 21 சில்லிங்கு. ஆகவே தொடக்கத்தில் ஒரு கினியும் தேறவில்லை. முப்பதாண்டுக்குள் நிலை மாறிற்று. 1789இல் மூன்று கிடாய்களுக்கு 1,200 கினியும் வேறு ஏழு கிடாய்களுக்கு 2,000 கினியும் அவர் பெற்றதாகப் பழைய கால்நடை நூல்கள் கணக்குத் தருகின்றன. டூ பவுண்டர் என்று பெயர் பெற்ற கிடாய் ஒன்றன் ஒரு பருவப் பணியில் மூன்றில் இரு பங்கு 800 கினிக்கு விடப்பட்டது. எஞ்சிய ஒரு பங்கை அவர் தம் சொந்தப் பெட்டைகளுக்கென நிறுத்திக்கொண்டார். நிறுத்திக்கொண்ட அந்தப் பங்குதான் நம் கட்டுரைக்கு இன்றியமையாதது. பின்னர் அதற்கு வருவோம்.

இப்பெருந்தொகைகளைக் கண்டு பேக்வெல்லைப் பெருஞ்செல்வர் என்று எண்ணிவிடலாகாது. இடையே 1776இல் அவர் கடன் தீர்க்க மாட்டாமல் நொடித்தவராக அறிவிக்கப்பட்டவர். டிஷ்லியைக் காண அயல் நாடுகளிலிருந்தும் வந்த விருந்தினரைத் தம் செலவிலேயே ஓம்பியதும் அவர் வறுமைக்கு ஒரு காரணம் என்பர்.

வாடகை முறை எவ்வாறு நடந்தது என்பதை வில்லியம் மார்ஷல் 1790இல் வெளிவந்த தம் நடுநாட்டு வேளாண்மை நூலில் விரித்துரைத்துள்ளார். சூன் 8ஆம் நாள் காட்சிப் பருவம் தொடங்கும். கிடாய் வளர்ப்போர் ஒவ்வொருவர் பண்ணையாகச் சென்று வாடகைக்குப் பெறுவோர் பார்வையிடுவர். காட்சிக்கு நிற்கும் கிடாய் கொழுப்பேறிப் பருத்திருக்கும். அவ்வுடலோடு அது தன் தொழிலுக்கு உதவாது. ஆதலின் அனுப்புவதற்கு முன் இளைக்க வைப்பர். செப்டம்பர் நடுவில் பயணம். கிடாய் நடந்து செல்வதில்லை. இரு சக்கர வண்டியிலே, வில் அமைப்பின் மேலோ தொங்குகச்சையிலோ இருத்தி, நாளொன்றுக்கு 20 அல்லது 30 மைல் கொண்டுசெல்வர். 200, 300 மைல் சென்ற கிடாய்களும் உண்டு. சென்ற இடத்திலும் அதனை மந்தையிலே அவிழ்த்து விடுவதில்லை. சிறு அடைப்பிலே தனித்து நிறுத்தி, பருவங்கொண்ட பெட்டைகளை இரண்டிரண்டாக உள்ளே விடுவர். இதனால் கிடாயின் வலிமை வீணாவதில்லை. ஒரே கிடாய் மிகுதியான பெட்டைகளுக்கு உதவும். பருவம் கழிந்தபின் திரும்பிவந்த கிடாயை மறுபடியும் கொழுக்க வைத்து அடுத்த சூன் மாதத்துக்கு அணியம் செய்வர்.

ஒப்பந்தத்தின் உட்கூறுகள் இரண்டு இங்கே நோக்கத்தக்கவை. பேசிய எண்ணிக்கையுள்ள பெட்டைகள் சினைப்படாது போயின், அந்த அளவுக்கு வாடகை குறையும். கிடாய் வாடகைக்காலத்தில் இறந்துபடின், இழப்பு விடுவோனைச் சாரும். இவ்விரண்டும் இருக்குமாயின் இதனை வாடகை என்பது பொருந்துமா என்று கேட்கத் தோன்றுகிறது. வீட்டை வாடகைக்குப் பெற்றவன் அதிலே குடியிராவிடினும் வாடகை தரக் கடமைப்பட்டவன். இங்கோ செய்த வேலைக்கே பணம். தமிழிலே பொருளுக்குத் தருவதை வாடகை என்றும் உழைப்புக்குத் தருவதைக் கூலி என்றும் பிரித்து வழங்குகிறோம். அப்பிரிவின்படி டிஷ்லிக் கிடாய் பெற்றது கூலி. அக்கூலியைப் பெற்று வைத்துக்கொண்டவர் பேக்வெல்.

சினைப்பட்டனவா என்பதை எங்ஙனம் அறிவது என்று வினவலாம். பெட்டையாட்டின் பருவச் சுழற்சி ஏறத்தாழ 17 நாள். சேர்ந்த பெட்டை 17 நாள் கழித்து மறுபடியும் கிடாயை நாடாவிடின், சினைப்பட்டது என்று கொள்வர். கிடாயின் நெஞ்சிலே செங்காவி பூசி விடுவதும், 17 நாளுக்கொருமுறை நிறத்தை மாற்றுவதும் ஆடு வளர்க்கும் நாடுகளிலே பரவிய வழக்கம். முதல் நிறம் பட்ட முதுகிலே இரண்டாம் நிறமும் பட்டால் முதற்சேர்க்கை பயனற்றுப் போயிற்று என்பது வெளிப்படை. இத்தகைய பெட்டைகள் பலவாயின் குறை கிடாயிடத்து என்பர். கிடாயின் உடலிலே விந்து முதிர்வதற்கு ஏழு கிழமைக்குமேல் ஆகும் என்பது இன்றைய உடலியல் காட்டும் உண்மை. ஆதலின் சூலை வெயிலிலே காய்ச்சல் கண்ட கிடாய் செப்டம்பரிலே மலடாய்த் தோன்றக்கூடும். அதை வாடகைக்குப் பெற்றவன் தன் குறையாக எண்ணுவான்; விட்டவன் அவன் மேய்ச்சலைப் பழிப்பான்.

மேற்கூறிய ஒப்பந்தம் எண்ணிக்கைக்கு மட்டுமே பிணை நிற்கிறது. குட்டிகளின் தரத்துக்கு எவரும் பிணை நிற்கவில்லை, நிற்கவும் இயலாது. இளங்கிடாயின் சிக்கல் இங்கேதான். அதன் உடலைக் கண்ணாற் காணலாம், கையால் தடவிப் பார்க்கலாம். அதன் வித்தைக் காணும் வழி குட்டிகளைக் காண்பது ஒன்றே. காலக் கணக்கை எண்ணிப் பார்ப்போம். மாசித் திங்களிலே பிறந்த கிடாய், அடுத்த ஆண்டுச் செப்டம்பரிலே ஒன்றரை வயதை எட்டிப் பணிக்கு வரும். பெட்டையின் சினைக்காலம் ஏறத்தாழ 147 முதல் 150 நாள். ஆகவே குட்டி பிறக்கும்போது தந்தைக்கு இரண்டு வயது. குட்டிகள் இறைச்சிப் பருவத்தை எய்தி, எலும்பும் தசையும் கொழுப்பும் எவ்வளவு என்று தெரியவர மேலும் இரண்டாண்டு. அப்போது தந்தைக்கு வயது நான்கு. கிடாயின் உழைப்பிலே பாதி கழிந்தபின்னரே அதன் தகுதி வெளிப்படுகிறது. இதற்குள் அதனை விற்றிருந்தால் அது யாரிடம் இருக்குமோ, அறுபட்டும் போயிருக்குமோ! விற்காமல் வாடகைக்கு விட்டிருந்தால், தகுதி வெளிப்படும் நாளிலே கிடாய் தன் பட்டியிலேயே நிற்கும்.

பேக்வெல் ஏன் விற்கவில்லை என்பதற்கு விடை இதுவே என்று நாம் கருதுகிறோம். பலர் அவர் வாடகை முறையைப் பணம் ஈட்டும் சூழ்ச்சியாகவே கண்டனர். அவர் ஈட்டியதும் உண்மை. ஆயின் 17½ சில்லிங்குக்கு விட்ட நாளிலே அவர் பெற்றதிற் பெரிது அச்சில்லிங்கன்று. பல கிடாய்களைப் பல பண்ணைகளுக்கு, பல மண்ணுக்கும் புல்லுக்கும் அனுப்பி, அவற்றின் குட்டிகளைச் சென்று பார்த்து, எது சிறந்ததோ அதனை மீட்டுத் தம் பெட்டைகளோடு சேர்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. ஒரு பண்ணையிலே இருந்துகொண்டு அத்தனை கிடாய்களின் வழிமரபையும் வளர்த்துப் பார்க்க 440 ஏக்கர் போதாது. ஊரார் புல்லைத் தின்று ஊரார் செலவிலே வளர்ந்த குட்டிகள், அவர் கிடாய்களுக்குச் சான்று கூறின. இளங்கிடாயை வாடகைக்கு விடுவோன் கூலியோடு சான்றையும் பெறுகிறான். டூ பவுண்டரின் பணியில் மூன்றிலொரு பங்கை அவர் 400 கினி மதிப்புள்ளதாயினும் விட்டுக்கொடாமைக்குக் காரணமும் இதுவே. சான்று பெற்ற வித்து அது.

வாடகைக்குப் பெற்றவர்களும் பேதையர் அல்லர். அவர்களிடையே இருவகைக் கிடாய்கள் பேசப்பட்டன. கிடாய்களை ஈனச் செய்யும் கிடாய் ஒருவகை. இறைச்சிக்குரிய காயடித்த ஆடுகளை ஈனச் செய்யும் கிடாய் மற்றொருவகை. பின்னதன் வாடகை குறைவு. முன்னதனை வாடகைக்குப் பெறுவோர் தாமும் கிடாய் விடுவோரே. அதன் குட்டிகளை வளர்த்து, அவற்றைச் சிறு குடியானவர்க்கு வாடகைக்கு விடுவர். இங்ஙனம் டிஷ்லியின் வித்து படிப்படியாகக் கீழிறங்கியது. வாடகையும் படிப்படியாகக் குறைந்தது. இதுவும் ஒருவகைப் பொலிசைக்குப் பொலிசைதான்.

இவ்வமைப்பைக் காத்தற்கென்றே டிஷ்லிக் கழகம் என்னும் கிடாய் வளர்ப்போர் கூட்டமைப்பு 1790ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோன்றியது. குறித்த வாடகைக்குக் கீழ் எவரும் கிடாய் விடலாகாது, கழகத்து நடவடிக்கைகளை வெளியிடலாகாது என்பன போன்ற கட்டுப்பாடுகளை உறுப்பினர் ஏற்றனர். 1789இல் பேக்வெல் கழகத்தாரிடமிருந்து மட்டும் 3,000 கினி பெற்றதாகவும் கூறப்படும். குட்டிகளை விட்டுக்கொடுத்துவிட்டு, குடிவழியை மட்டும் கைவிடாமல் பிடித்துக்கொள்ளும் முயற்சி இது. உழவர் கண்ணுக்கு இது கொள்ளையாகப் பட்டதில் வியப்பில்லை.

ஆயின் பிடித்துக்கொள்ள முடிந்ததா? முடியவில்லை என்பதே வரலாறு. ஒருமுறை பொலிந்த வித்தைத் திரும்பப் பெறும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. கல்லி உடன்பிறந்தார் பேக்வெல்லிடம் பயின்று, 1767இல் வடக்கே நார்தம்பர்லாந்தில் குடியேறினர். அவர்கள் கொண்டுசென்ற குடிவழியிலிருந்து பார்டர் லெஸ்டர் என்னும் தனியினம் கிளைத்தது. டார்வின் 1859இல் வெளியிட்ட உயிரினத் தோற்றம் பற்றிய நூலின் முதல் இயலில் மற்றொரு செய்தி உண்டு. பக்லி, பர்ஜெஸ் என்னும் இருவர் பேக்வெல்லின் ஆடுகளை ஐம்பது ஆண்டுக்குமேல் பிற கலப்பின்றி வளர்த்தனர். ஒருவரும் ஐயுறாத தூய வழி அது. எனினும் இருவர் மந்தைகளும் இருவேறு இனம் போலத் தோன்றின. வித்து ஒன்று, தெரிந்தெடுத்த கண் இரண்டு. குடிவழியின் உரிமை கிடாய்க்கு உரியவனிடத்தே நில்லாமல், குட்டியைத் தெரிந்தெடுப்பவனிடத்துச் சென்றுவிடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான காட்டு வேண்டா. டிஷ்லியின் பழைய லெஸ்டர் ஆடு இன்று அருகிய இனங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

ஐரோப்பாவிலே இக்கிடாய் வினா வேறொரு திசையிலும் சென்றது. மொரேவியா நாட்டின் புருன் நகரத்து ஆடு வளர்ப்போர் கூட்டங்களில், கிடாயிடமிருந்து குட்டிக்கு இறங்குவது எது என்ற வாதம் இடைவிடாது நடந்தது. எது மரபாக இறங்குகிறது, எவ்வாறு இறங்குகிறது என்பதே வினா என்று 1837ஐ ஒட்டி அங்கே வலியுறுத்தியவர் நாப் என்னும் மடத்துத் தலைவர். அவர் மடத்திலே 1843இல் சேர்ந்தவர் மெண்டல். பட்டாணிச் செடிக்கு முன்னே கிடாய் நின்றது என்று கூறின் மிகையாகாது.

சட்டம் வல்லார் இக்கூலியை எவ்வாறு நோக்கினர் என்பதும் அறியத்தக்கது. ஆண் விலங்கு பொலிவதற்குக் கூலி பெறுவதை நபியவர்கள் தடுத்ததாகப் புகாரியின் தொகுப்பிலே ஒரு நபிமொழி உண்டு. இசுலாமியச் சட்ட மரபுகளுள் ஹனபி, ஷாபிஈ, ஹன்பலி மரபினர் பெரும்பாலும் இக்கூலி ஆகாது என்றனர். விற்பது இன்னது, இவ்வளவு என்று அளந்து காட்டவும் கையில் ஒப்படைக்கவும் இயலாத ஒன்றுக்கு விலை கொள்வது பொருந்தாது என்பது அவர் தரும் காரணங்களுள் ஒன்று. மாலிக் மரபினரோ குறித்த காலத்துக்கு அல்லது குறித்த எண்ணிக்கைக்கு என்று வரையறுத்தால் ஆகும் என்றனர். பேசிக்கொள்ளாமல் பெட்டைக்கு உரியவன் அன்பாகத் தரும் பொருளைப் பெறலாம் என்ற கருத்தும் உண்டு. பாலைநில ஆயர் வாழ்விலே கிடாயையும் ஒட்டகத்தையும் பக்கத்துக் கூடாரத்துக்கு இரவலாகத் தருவது ஈகையின்பாற் பட்டது; அதனை விலைப்படுத்துவது இழிவு. மாலிக் மரபினர் வகுத்த காலமும் எண்ணிக்கையுமாகிய இரு வரையறையே, ஆயிரம் ஆண்டு கழித்து அவரை அறியாத லெஸ்டர்ஷயர் உழவரின் ஒப்பந்தத்திலும் இடம்பெற்றன. வித்துக்கு விலை கூற இயலாத இடத்தில் மனிதர் காலத்துக்கும் எண்ணுக்குமே விலை கூறுவர் போலும்.

இனி, நம் நாட்டின்பாற் செல்வோம். தொல்காப்பிய மரபியல், யாட்டின் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என்னும் நான்கு பெயர்களை வகுக்கிறது. குதிரைக்கும் யானைக்கும் இல்லாத வளம் இது. வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் யாடு என்னும் ஒரு பெயரே பொதுவாதலின், இந்நான்கும் இனவேறுபாட்டைக் குறித்தனவா, வயது வேறுபாட்டைக் குறித்தனவா என்று ஆராய இடமுண்டு. ஆங்கில ஆயரும் கிடாயின் பெயரை மயிர் கத்தரித்த எண்ணிக்கையால் மாற்றுவர். ஒருமுறை கத்தரித்தது ஒரு பெயர், இருமுறை கத்தரித்தது வேறொரு பெயர். வாடகை பேசுவோர்க்கு இப்பெயர்கள் இன்றியமையாதவை. இளமைப் பெயராகத் தொல்காப்பியம் கூறும் மறி என்பது இன்று செம்மறி என ஓர் இனத்துக்கே பெயராயிற்று என்பதும், ஆண்பாற் பெயர்களைத் தொகுத்துரைக்கும் நூற்பாவிலே கடா என்னும் சொல் எடுத்தோதப்படவில்லை என்பதும் இடையே நினைக்கத்தக்கன.

இலக்கியத்திலே தகர் வருமிடங்களை நோக்கின் ஒன்று புலனாகும். பின்வாங்கித் தாக்கும் போர்த்தகர் திருக்குறளிலே காலம் பார்த்து அடங்கியிருக்கும் மறவனுக்கு உவமை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்திலே இரண்டிடங்களில் தகரைக் காட்டுகிறது; அங்கே அது விளையாடுகிறது, வீடுகளிலே திரிகிறது. புலவர் கண்ட தகர் மறமும் அழகும் உடையது. மந்தையின் தந்தையாக அதனை அவர் இங்கெல்லாம் போற்றவில்லை. அப்பக்கத்தைக் காண நாம் கல்வெட்டுக்கே மீளல் வேண்டும்.

அங்கே சாவா மூவாப் பேராடு என்னும் அருந்தொடர் நம்மை எதிர்கொள்கிறது. நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு விடுவது சோழர் காலப் பெருவழக்கு. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் 96 ஆடும் 48 பசுவும் 16 எருமையும் தம்முள் ஒப்பாகக் கொள்ளப்பட்டன. ஆட்டை ஏற்ற இடையன் நாள்தோறும் உழக்கு நெய் அட்டுதல் வேண்டும். ஆடுகள் தனித்தனியே சாகும், மூக்கும். சாவாததும் மூவாததும் எண்ணிக்கையே. செத்த ஆட்டின் இடத்திலே குட்டி வளர்ந்து நிற்றல் வேண்டும் என்பது அத்தொடரின் சட்டப்பொருள்.

ஆடு பெருகுவதற்குக் கிடாய் வேண்டும். நெய்க்கென விட்ட 96ஐப் பெட்டை என்றே கொள்வது பொருத்தம். கோயிற் கணக்கு கிடாயைப் பேசுவதில்லை. நூறு தலை கொண்ட ஆட்டு மந்தைக்கு ஆண் பத்து வேண்டும் என்பது கௌடலீயத்தின் கணக்கு. இன்றைய கையேடுகள் 30 அல்லது 40 பெட்டைக்கு ஒரு கிடாய் என்கின்றன. கௌடலீயத்தின் கணக்கைப் பின்பற்றினும் இன்றைய கணக்கைப் பின்பற்றினும், சாவா மூவா என்னும் அப்பெரிய உறுதிமொழி சில கிடாய்களின்மேல் நின்றது. அவற்றைத் தேடிக் கொள்வது இடையன் பொறுப்பு. நெய் போக எஞ்சியவை அவனுக்கு ஆகும். கிடாய்க்குட்டிகளும் அதனுள் அடங்கும்.

டிஷ்லியோடு இதனை வைத்துப் பார்த்தால் இருமுறைகளும் எதிரெதிராக நிற்பதைக் காண்கிறோம். பேக்வெல் குட்டிகளை விட்டுக்கொடுத்துக் குடிவழியைத் தன்பால் நிறுத்த முயன்றார். கோயிலோ குடிவழியைப் பற்றிக் கவலை கொள்ளவில்லை. எண் குறையாமல் இருந்தாற் போதும், எந்தக் கிடாயின் குட்டியாயினும் ஆகுக. ஒன்றில் ஒரு கிடாய் தன் பெயரோடு நூல்களிலே வாழ்கிறது. மற்றொன்றில் தொண்ணூற்றாறு ஆடுகளுக்கும் பெயரில்லை. ஆயினும் விளக்கு நூற்றாண்டுக்கணக்கில் எரிய வேண்டும் என்று கல்லிலே வெட்டினர். ஆட்டை மேம்படுத்தும் வழியில் முன்னது வென்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் முன்னதில் முதலும் பொலியும் ஒருவர் கையிலே குவிந்தன என்பதையும், பின்னதில் எவ்வகைக் கிடாயை நிறுத்துவது என்னும் தெரிவு மேய்ப்பவன் கையிலேயே இருந்தது என்பதையும் எடை போடுதல் நேர்மையாகும். பக்லி, பர்ஜெஸ் மந்தைகளை நினைவுகூர்வார்க்கு அத்தெரிவு சிறிய உரிமையாகத் தோன்றாது.

அகராதிகள் பொலிகாளைக்கும் பொலிகிடாய்க்கும் ஒரு வரிப் பொருள் தந்து அமைகின்றன. வட்டார வழக்குகளைத் தொகுக்கும் மாணவர், இச்சொல் கிடைக்குமிடத்திலே அதனோடு ஒட்டிய நடைமுறையையும் கேட்டெழுதுதல் வேண்டும். பொலிகிடாய் ஊர்ப்பொதுவா, ஒருவனதா. பக்கத்துப் பட்டிக்கு அது இரவலாகச் செல்கிறதா, கூலிக்குச் செல்கிறதா. கூலியாயின் காசா, தவசமா, பிறக்கும் குட்டியில் ஒன்றா என்பன போன்றவை அவை. காசாயின் அது டிஷ்லியின் வழி. இரவலாயின் பாலைநில ஆயரின் ஈகை. குட்டியாகவே கூலி தரும் ஊர் ஒன்று கிட்டுமாயின், அங்கே கிடாயின் பொலியும் அதற்குரியவன் பெறும் பொலிசையும் இருவேறு பொருளல்ல. நாலு காலில் நடந்து வரும் ஒரே பொருள்.